“நீ யார்?” என்று கேட்கும்போது

 

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கர்த்தர் செய்த அற்புதங்களை எழுதுவேன். இந்த மாதம் என் வெட்கத்தை எழுதுகிறேன். சபையில் பழைய விசுவாசிகளுக்கு இது தெரிந்த கதைதான். புதிதாக வந்தவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆவியானவர் என்னை ஏவினபடியால் எழுதுகிறேன்.

2019ம் ஆண்டு நவம்பர் மாதம். நம் சபையின் ஓட்டுக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழை வந்தால் பாதிப் பேர் குடை பிடித்துக்கொண்டுதான் ஆராதிப்பார்கள். கூரை மாற்றுவதற்காக நீங்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காணிக்கை 1,12,000 ரூபாய் வங்கியில் இருந்தது. அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்த போன் நம்பர் என்னுடையது. வேறு யாருடைய நம்பரும் இல்லை.

ஒரு வாரத்துக்கு முன்னே, வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு மெசேஜ் வந்தது. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தது. அதில் இருந்த இடத்தைத் தொட்டேன். கேட்டதையெல்லாம் நிரப்பினேன். பாஸ்வேர்டையும் போட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஒரு போன்.

“சார், உங்க சிம் பழைய சிம். ரெண்டு நாள்ல கட்டாயிடும். 4ஜிக்கு மாத்தணும். கடைக்கெல்லாம் வர வேண்டாம் சார். நான் ஒரு 20 நம்பர் அனுப்புறேன், அதை அப்படியே கம்பெனிக்கு மெசேஜ் பண்ணுங்க. அப்புறம் ஒரு கால் வரும், ஒண்ணை அழுத்துங்க. அவ்வளவுதான்.”

எவ்வளவு பணிவான குரல் தெரியுமா! சொன்னபடியே செய்தேன். ஒண்ணை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று நாள் உபவாச ஜெபம் ஆரம்பம். என் போனில் சிக்னல் இல்லை. ஒரு அழைப்பும் இல்லை, ஒரு மெசேஜும் இல்லை. நான் என்ன செய்தேன்? “ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஜெப நாட்களில் தொந்தரவில்லாமல் காத்தீரே” என்று நன்றி செலுத்தினேன்! கள்ளன் வீட்டுக்குள் இருக்கிறான், காவல்காரனோ ‘எவ்வளவு அமைதி’ என்று துதித்துக்கொண்டிருக்கிறான்.

ஞாயிறு இரவு என் மனைவிதான் கேட்டாள். “என்னங்க, மூணு நாளா உங்க போன் ஒரு தடவைகூட அடிக்கலையே. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி சிம்தானே? என் போன்ல நாலு கோடு இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?”

திங்கட்கிழமை வங்கிக்கு ஓடினேன். கணக்கில் 640 ரூபாய் இருந்தது.

போலீசில் புகார் கொடுத்தோம். வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியை மேலாளர் காட்டினார். வாடிக்கையாளரே தன் இரகசிய விவரங்களைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கும் உண்டான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு உண்டாகும் நஷ்டம்தான் வங்கியுடையது. நான் தெரிவித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சபை அமைதியாயிருந்தது. அப்போது கீரை விற்கிற ஒரு தாயார் எழுந்தார். கூரைக்காக நாள்தோறும் 10 ரூபாய் எடுத்துவைத்துக் கொடுத்தவர். என்னைத் திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கேட்டது வேறு.

“ஐயா, போனது போகட்டும். நாளைக்கு எனக்கும் அதே மாதிரி போன் வந்தா நான் என்னன்னு கண்டுபிடிக்கிறது? அந்தச் சிம்முக்குள்ள என்னதான் இருக்கு? அதைக் கத்துக்கிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்க.”

பணத்தை என் சம்பளத்தில் மாதாமாதம் கட்டினேன், 2022ல் முடிந்தது. 2023ல் கூரை போட்டோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அந்தத் தாயாருடைய கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லாமல் இருந்தேன். அந்தக் கடனையும் இன்று தீர்க்கிறேன். நம் சபையில் மொபைல் கடை வைத்திருக்கிற வாலிபத் தம்பி பொறுமையாய் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், பிறகு நான் வாசித்து அறிந்ததையும் எழுதுகிறேன்.

1. அட்டைக்குள் ஒரு பெயரும் ஒரு இரகசியமும்

உங்கள் சிம்மைக் கழற்றிப் பாருங்கள். தங்க நிறத்தில் ஒரு சின்னத் தகடு. அதற்கு அடியில் இருக்கிறது ஒரு சிப். வெறும் நினைவகம் என்று நினைக்காதிருங்கள். தானே கணக்குப் போடத் தெரிந்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அது!

முதல் சிம் கார்டு 1991ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் செய்யப்பட்டது. செய்த கம்பெனியின் பெயர் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட். அது கரன்சி நோட்டு அச்சடிக்கிற கம்பெனி. கள்ளநோட்டைத் தடுக்கத் தெரிந்தவர்கள் கையில் கள்ளப்பெயரைத் தடுக்கிற வேலை வந்தது. முதல் 300 அட்டைகளை பின்லாந்து தேசத்தின் ரேடியோலின்யா என்னும் கம்பெனி வாங்கிற்று. அன்றைய சிம் நம் ஏ.டி.எம். கார்டு அளவு. இன்றைய நானோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். நம் தேசத்தில் முதல் மொபைல் பேச்சு 1995 ஜூலை 31ல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? முதலாவது ஒரு பெயர். பெயரென்றால் எழுத்தல்ல, 15 இலக்கம் கொண்ட எண். முதல் மூன்று இலக்கம் தேசம். இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்தது கம்பெனியைக் குறிக்கும். மீதி உங்களைக் குறிக்கும். இதுபோக அட்டையின்மேல் 19 அல்லது 20 இலக்கத்தில் வேறொரு எண் அச்சடித்திருக்கும். அது அட்டையின் வரிசை எண். நம் தேசத்து சிம் என்றால் 8991 என்று ஆரம்பிக்கும்.

அந்த 20 இலக்க எண்ணைக் கவனித்தீர்களா? கள்ளன் எனக்கு அனுப்பினது அதுதான். அவன் கையில் இருந்த புது சிம்மின் வரிசை எண்! “இனிமேல் என் நம்பரை இந்த அட்டைக்கு மாற்றுங்கள்” என்று நானே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“தம்பி, என் போன் நம்பர் என் சிம்மில்தானே இருக்கு? அதை எப்படி மாத்த முடியும்?” என்று கேட்டேன். தம்பி சிரித்தார். “இல்லைங்க ஐயா. நம்பர் கம்பெனி பதிவேட்டில இருக்கு. இந்த நம்பருக்கு யாராவது கூப்பிட்டா இந்த 15 இலக்கச் சிம்முக்கு அனுப்புன்னு அங்கேதான் எழுதியிருக்கும். அதனாலதான் சிம் தொலைஞ்சா புதுசு வாங்கி அதே நம்பரை வச்சுக்கிறோம். 2011ல இருந்து தேசம் பூரா, கம்பெனியே மாறினாலும் நம்பர் மாறாம இருக்குறதும் அதனாலதான்.”

இரண்டாவது, ஒரு இரகசியம். 128 பிட் நீளமுள்ள ஒரு சாவி. அதைச் சாதாரண எண்ணாக எழுதினால் 39 இலக்கம் வரைக்கும் போகும். ஒவ்வொரு சிம்முக்கும் ஒவ்வொரு சாவி. அது இரண்டே இடத்தில் இருக்கிறது. ஒன்று உங்கள் சிம்முக்குள், மற்றொன்று கம்பெனியின் காவலான ஒரு கம்ப்யூட்டருக்குள். உங்கள் போனுக்கே அந்தச் சாவி தெரியாது. போன் கேட்டாலும் சிம் கொடுக்காது!

2. இரகசியத்தைச் சொல்லாமலே நிரூபிப்பது

இப்போது கவனியுங்கள். வேதத்தில் நியாயாதிபதிகள் 12ம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். யோர்தான் துறைகளைக் கீலேயாத்தியர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தப்பி வருகிறவன் எப்பிராயீமனா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள், ஷிபோலேத். அதைச் சரியாய் உச்சரிக்க வராமல் சிபோலேத் என்றவர்கள் அகப்பட்டார்கள். அக்காலத்தில் எப்பிராயீமரில் விழுந்தவர்கள் 42,000 பேர்.

அன்பானவர்களே, அந்தக் கேள்வியில் ஒரு குறை உண்டு. எல்லாருக்கும் ஒரே வார்த்தை. புதருக்குள் ஒளிந்திருந்து ஒருவன் கேட்டுப் பழகிக்கொண்டால்? மறுநாள் அவனும் கடந்துபோய்விடுவானே!

பழைய காலத்து அனலாக் மொபைல் போன்களில் இதுதான் நடந்தது. அமெரிக்காவில் அந்தப் போன்கள் தங்கள் அடையாள எண்ணைத் தாங்களே காற்றில் சொல்லிக்கொண்டிருந்தன. கள்ளர்கள் ஒரு கருவியை வைத்துக் கேட்டார்கள், அதே எண்ணை வேறு போனில் போட்டார்கள், கட்டணம் மட்டும் சொந்தக்காரனுக்கு வந்தது.

சிம் கார்டு இந்தக் குறையைத் தீர்த்தது. எப்படி? உங்கள் போனை ஆன் பண்ணுகிறீர்கள். போன் சிம்மை எழுப்பி 15 இலக்கப் பெயரை வாங்கி டவர் வழியாகக் கம்பெனிக்குச் சொல்லுகிறது. கம்பெனி உடனே நம்பிவிடாது. “பெயர் சரி. நீ அவன்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?” என்கிறது. அப்போது, முன்கூட்டி ஒருவருக்கும் தெரியாத ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுத்து அனுப்புகிறது. அதுதான் கேள்வி. போன் அதைச் சிம்முக்குள் தள்ளுகிறது. சிம் தன் இரகசியச் சாவியையும் அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் வெளியே அனுப்புகிறது. அங்கே கம்பெனியும் தன்னிடமிருக்கிற அதே சாவியால் அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கதவு திறக்கிறது. கண் இமைக்கிற நேரத்தில் இவ்வளவும் நடக்கிறது!

சாவி காற்றில் போகவேயில்லை. நடுவழியில் ஒட்டுக்கேட்கிறவனுக்குக் கிடைப்பது ஒரு கேள்வி, ஒரு விடை. அதை நாளைக்குக் கொண்டுவந்தால் செல்லுமா? செல்லாது. நாளைக்குக் கேள்வி வேறு.

பிரியமான தேவபிள்ளையே, இங்கே என்னை ஒரு காரியம் குத்தினது. நேற்றைய விடையை இன்றைக்கு ஒப்பிக்கிறவர்கள் நம்மிலே எத்தனை பேர்? “நான் 1985லேயே அபிஷேகம் பெற்றவன்” என்போம். ஸ்தோத்திரம்! ஆனால் இன்றைக்கு வந்த சோதனை கேட்கிற கேள்வி என்ன? அதற்கு உனக்குள்ளிருந்து என்ன பதில் வருகிறது? மற்றவருடைய சாட்சியை மனப்பாடம் பண்ணிச் சொல்லுகிறவனுக்குப் புதுக் கேள்வி வந்தால் வாய் அடைத்துப்போகும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

3. கேட்கிறவனையும் கேள்

இரண்டாம் தலைமுறையில், அதாவது 2ஜியில், ஒரு ஓட்டை இருந்தது. டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. “நீ யார்?” என்று கேட்டவனைப் பார்த்து, “ஐயா, நீங்க யாரு?” என்று திருப்பிக் கேட்க அதற்குத் தெரியாது. ஆகவே ஒருவன் பொய் டவர் ஒன்றை வைத்தால் போன் ஏமாந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, அக்காலத்தில் பல கம்பெனிகள் பயன்படுத்தின கணக்கு முறை பலவீனமானது என்று 1998ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சிம் கையில் கிடைத்தால் உள்ளிருக்கும் சாவியையே வெளியே எடுக்கலாம் என்று நிரூபித்தார்கள்.

3ஜி முதற்கொண்டு இதைத் திருத்தினார்கள். கேள்வியோடுகூட, “இது மெய்யான கம்பெனியிலிருந்துதான் வருகிறது” என்பதற்கு ஒரு முத்திரையும் சேர்ந்து வருகிறது. சிம் முதலில் அந்த முத்திரையைச் சோதிக்கும். சரியில்லையென்றால் விடையே கொடாது! கணக்கு முறைகளும் பலப்படுத்தப்பட்டன.

விரல் நகத்தளவு அட்டைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமற்போயிற்றே! என்னிடம் கேட்டவன் யார் என்று நான் கேட்கவில்லை. எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவான் அப்போஸ்தலன் எழுதினதை நான் எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன்! ஒரு போன் குரலைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை.

4. பூட்டை உடைக்கவில்லை, பதிவேட்டை மாற்றினான்

கவனமாய்ப் பாருங்கள். கள்ளன் என் சிம்மின் இரகசியச் சாவியை உடைத்தானா? இல்லை. அது அவனால் முடியாது. அவன் கையில் வேறு சிம், அதற்குச் சொந்தமான வேறு சாவி. கம்பெனியின் பதிவேட்டில் என் நம்பருக்கு நேராக இருந்த என் சிம்மை அடித்துவிட்டு அவன் சிம்மை எழுத வைத்தான். எழுதச் சொன்ன விரல் என்னுடையது. அந்த நிமிஷத்திலிருந்து என் சிம் செத்த அட்டை. வங்கி அனுப்பின ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போயிற்று. கம்பெனி சோதிப்பது சிம்மைத்தான், அதை வைத்திருக்கிற மனுஷனை அல்ல.

ஆதியாகமம் 27ல் ஈசாக்கின் கூடாரத்தில் நடந்ததும் இதுதானே! ஏசாவின் வஸ்திரமும் வெள்ளாட்டுத் தோலும் போதுமானதாயிற்று. குரல் யாக்கோபுடையது என்று கிழவனுக்குத் தோன்றினது. தோன்றியும், கையைத் தடவிப் பார்த்து நம்பினார். ஆசீர்வாதம் கைமாறிப்போயிற்று. ஏசா வந்து நின்றபோது அழுகைதான் மிச்சம். சந்தேகம் வந்த அந்த நொடியில் ஈசாக்கு நின்றிருந்தால்? “ஏசாவைக் கூப்பிடு” என்று ஒரு ஆளை அனுப்பியிருந்தால்? எனக்கும் அந்த வியாழக்கிழமை மனதில் ஒரு சின்ன உறுத்தல் வந்தது உண்மை. அவசரத்தில் அதைத் தள்ளிப்போட்டேன். அந்த உறுத்தலைத் தள்ளாதிருங்கள், அன்பானவர்களே!

5. ஆகையால் செய்யவேண்டியவை

இதைக் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. உங்கள் போனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் அதே கம்பெனி சிம் உள்ளவருக்குச் சிக்னல் இருந்தால், காத்திராதிருங்கள். உடனே வேறு போனிலிருந்து கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள். சிம் மாற்றியவுடன் 24 மணி நேரம் மெசேஜ் வசதியை நிறுத்திவைக்கும் விதி இப்போது உண்டு. அதைக் கிருபையின் காலம் என்று எண்ணுங்கள். நான் மூன்று நாள் தூங்கினதுபோலத் தூங்காதிருங்கள்.

இரண்டு. 20 இலக்க எண்ணை அனுப்பச் சொன்னாலும், ஒண்ணை அழுத்தச் சொன்னாலும், இ-சிம் என்று சொல்லி வருகிற கட்டத்தையோ எண்ணையோ கேட்டாலும் செய்யாதிருங்கள். இ-சிம்முக்கு அட்டையே வேண்டாம், போனுக்குள்ளேயே சிப் இருக்கிறது, எழுத்துமட்டும் தூரத்திலிருந்து வரும். ஆகவே அதைத் திருடுகிறவனுக்கு வேலை இன்னும் சுலபம். சிம் மாற்ற வேண்டுமென்றால் கடைக்கு நேரில் போங்கள்.

மூன்று. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எத்தனை சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

நான்கு. சிம்முக்குப் பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். போன் தொலைந்தால், எடுத்தவன் உங்கள் சிம்மை வேறு போனில் போட்டுப் பயன்படுத்த முடியாது. ஆனால் எச்சரிக்கை! மூன்று தரம் தவறாய்ப் போட்டால் பூட்டிக்கொள்ளும். திறக்க 8 இலக்க பி.யு.கே. எண் வேண்டும். அதையும் பத்துத் தரம் தவறாய்ப் போட்டால் அந்தச் சிம் அவ்வளவுதான். தெரியாதவர்கள் நம் தம்பியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஐந்து. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நம் மாநிலத்தில் ஒருவர் பெயரில் 9 வரைக்கும்தான் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே தெரிவியுங்கள். தெரியாதவர்களுக்கு ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வராதிருங்கள்.

ஆறு. இது ஊழியக்காரர்களுக்கு. சபைப் பணத்தை ஒரே மனுஷனுடைய போனில் தொங்கவிடாதிருங்கள். இப்போது நம் சபைக் கணக்கில் இரண்டு மூப்பர்கள் சேர்ந்து ஒப்புக்கொடுத்தால்தான் பணம் வெளியே போகும். போதகர் பரிசுத்தவானாயிருக்கலாம், ஏமாறாதவராயிருப்பார் என்று அதற்கு அர்த்தமில்லை.

போன மாதம் அந்தத் தாயார் ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். “ஐயா, எனக்கும் போன் வந்துச்சு. சிம் மாத்தணும்னான். ‘நீ யாருப்பா? எந்தக் கடை? நான் நேர்ல வர்றேன்’னேன். உடனே வச்சிட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயார் கேட்ட ஒரு கேள்வியை, முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணின நான் கேட்கவில்லை!

சகோதரனே, சகோதரியே, இன்றைக்கு உன்னைப் பார்த்து ஒரு கேள்வி வருகிறது. “நீ யார்?” சபைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கலாம். பெயர் மட்டும் போதாது என்று சிம் கார்டே சொல்லுகிறதே! உனக்கும் கர்த்தருக்கும் மாத்திரம் தெரிந்த அந்த அந்தரங்கம் உனக்குள் உண்டா? அறைக் கதவைப் பூட்டி ஜெபிக்கிற ஜெபம் உண்டா? உண்டானால் எந்தக் கேள்வி வந்தாலும் பதில் உள்ளேயிருந்து வரும். இல்லையானால், இன்றைக்கே அவரிடத்தில் வா.

ஜெபிப்போமா? “அன்பின் பரலோகப் பிதாவே, எங்களை விழிப்புள்ளவர்களாக்கும். தேனான குரலுக்கு எங்கள் செவிகளைக் காத்துக்கொள்ளும். எளியவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்ததைக் கள்ளன் கைக்கு விலக்கும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் வெளியே சொல்லத் தைரியம் கொடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.”

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்